அழைப்பிதழில் துணியின் பெயரை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் 45 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சட்டை, பேண்ட், கோட் நான் தைப்பேன். பிளவுஸ் என் மனைவி. உங்கள் பத்திரிகையைக் கடைக்குத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள், காஜாவுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் எடுத்துப் படிப்பார்கள். இந்தப் பக்கத்தில் கல்யாணம் வைக்கிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒருவர் கடைக்கு வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம். கண்டனூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். உள்ளூர்க்காரர்களுக்கு அது என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில் இருப்பார்கள். முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் காலையில் கதவைத் திறந்து, முற்றத்தைக் கூட்டி, ஓடு நழுவியிருந்தால் ஆள் பிடித்துச் சரி செய்து, உத்தரத்தில் கரையான் ஏறாமல் பார்த்து, சாவிக்கொத்தும் கையுமாக ஒருவர் இருப்பார். அப்படி ஒருவர் இவர். இவருடைய அப்பாவும் அதே வீட்டில் அதே வேலைதான் பார்த்தார்.

கையில் ஒரு அழைப்பிதழ் வைத்திருந்தார். வீட்டு ஆச்சியின் பேரனுக்குத் தையில் கல்யாணம். உள்ளே இரண்டு தாள். தமிழ்த் தாளில் காலை முகூர்த்தம், பெரியோர்களின் பெயர்கள், எல்லாம் முறையாக இருந்தன. இங்கிலீஷ்த் தாளில் சாயங்கால ரிசப்ஷன், கானாடுகாத்தான் பக்கம் ஓட்டலாக மாற்றப்பட்ட ஒரு பழைய வீட்டில். அந்தத் தாளின் அடியில் பொன் எழுத்தில் ஒரு வரி: டிரஸ் கோட், செமி ஃபார்மல். அதாவது விருந்துக்கு எந்த மாதிரி உடுத்தி வர வேண்டும் என்கிற வரி. தமிழ்த் தாளில் அந்த வரி இல்லை.

“தம்பி, இதுல டிரஸ்ஸப் பத்தி ஏதோ போட்டிருக்காம். பேத்தி படிச்சுச் சொன்னா. செமின்னா பாதின்னு அர்த்தமாம். எதுல பாதி?” என்று கேட்டார்.

அவர் வேட்டி தவிர வேறு எதுவும் கட்டியவரில்லை. வேட்டியிலேயே போகலாமே என்றுதான் நானும் முதலில் சொன்னேன். ஆனால் அந்த ஆச்சி அவரைக் கூப்பிட்டு, “அன்னிக்கு நீ ஒரு வேலையும் பாக்கக் கூடாது. எங்க வீட்டு மனுசனா வந்து உக்காந்து சாப்பிடணும்” என்று சொல்லி, துணி எடுக்க 10,000 ரூபாயும் கொடுத்திருக்கிறார். அந்த மரியாதைக்குத் தானும் மரியாதை செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். “வேட்டி கட்டலாமான்னு போயி கேக்கக் கூச்சமா இருக்கு. அவுக என்ன போட்டிருக்காகளோ அதுபடியே செஞ்சிருவோம் தம்பி” என்றார்.

எனக்கு அந்தச் சொல் தெரியும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் தையல் கடையில் வேலை பார்த்தவர். 1942-ல் ஜப்பான்காரர்கள் வந்தபோது காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். 1973-ல், 14 வயதில் நான் அவரிடம் சேர்ந்தபோது எங்கள் ஊரில் கோட் தைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. “ராத்திரி உடுப்பு மூணு படிடா” என்பார். முதல் படி, பின்னால் வால் தொங்கும் கோட், வெள்ளை போ டை, அதாவது கழுத்தடியில் பூ முடிச்சாகக் கட்டும் டை. அதுதான் முழு ஃபார்மல். இரண்டாவது படி, வால் இல்லாத கறுப்புக் கோட், பட்டு மாதிரி மினுங்கும் காலர், கறுப்பு போ டை. அதுதான் செமி ஃபார்மல். மூன்றாவது படி நாம் சாதாரணமாக சூட் என்கிறோமே, அது, நீளமான டையோடு. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் இன்ஃபார்மல். சூட்டே அவர்களுக்கு வீட்டு உடுப்பு போலத்தான் என்று சொல்லிச் சிரிப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் இரண்டாவது படியை உடம்பில் ஏற்றக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

ஆக, செமி ஃபார்மல் என்றால் உச்சிக்கு ஒரு படி கீழே. இதை நான் அந்த அண்ணனிடம் உறுதியாகச் சொன்னேன். எழுதியிருப்பது மாலை விருந்து, ஏழு மணி. கறுப்புக் கோட்தான், சந்தேகமே இல்லை என்றேன்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் அந்த ரகத்தில் நான் தைத்தது அதற்கு முன் நான்கே நான்கு. துணி டெரிவுல், பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்தது. கறுப்பு எடுக்கவில்லை, இருட்டு நீலம் எடுத்தேன். மின்விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணி லேசாகப் பச்சையோ பழுப்போ அடிக்கும், இருட்டு நீலம்தான் நல்ல கறுப்பாகத் தெரியும். பாக்கெட்டுக்கு மூடி கிடையாது, வெறும் வாய் மட்டும். முன்னால் ஒரே ஒரு பட்டன், அதையும் சாட்டின் துணியால் மூட வேண்டும். பேண்டில் பெல்ட் மாட்டும் லூப் கிடையாது, பக்கத் தையல் மேல் இடுப்பிலிருந்து கால் வரை ஒரு சாட்டின் பட்டை இறங்கும். கஷ்டமெல்லாம் லேப்பலில்தான், காலரோடு சேர்ந்து மார்பில் மடிந்து விழுமே, அந்தப் பகுதி. சாட்டின் கத்தரி பட்டாலே ஓடுகிற துணி. அடியில் மெல்லிய காகிதம் வைத்து, ஊசி குத்தி, அதோடு சேர்த்து வெட்டினேன். லேப்பலுக்குள் இருக்கும் கேன்வாஸைக் கையால், நெல்மணி அளவுக்குச் சாய்வுத் தையலாகப் போட்டுப் பிடிக்க வேண்டும். நூலை இழுத்துவிட்டால் மேலே சுருக்கம் விழும். தளர விட்டால் லேப்பல் உருண்டு விழாமல் பலகை மாதிரி நிற்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. இந்த வயதில் கண்ணாடி போட்டும் விளக்குக்கு அடியில் வைத்துத்தான் தைத்தேன்.

டிரையலுக்கு வந்தபோது கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம், “சாவிய எங்க வைக்கிறது தம்பி?” என்றார். அந்த வீட்டுச் சாவிகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும், இரும்பு. வேட்டியில் என்றால் இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்வார். கோட்டின் வெளிப் பாக்கெட்டில் போட்டால் துணி இழுத்துக்கொண்டு தொங்கிவிடும். கல்யாணத்தன்று சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்றேன். யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். சரி என்று லைனிங்குக்குள் இடது மார்புப் பக்கம் இரட்டைக் காடாத் துணி வைத்து ஆழமாக ஒரு பாக்கெட் தைத்துக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் அவர் வேண்டாம் என்றார். இந்த உடுப்பில் இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு அகலத் துணி வரும், கமர்பண்ட். அது நம் நாட்டிலிருந்து போனதுதான். வெயிஸ்ட்கோட் இந்த வெயிலுக்கு ஆகாது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே இருந்தவர்களின் இடுப்புத் துணியைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கமர் என்றால் பாரசீகத்தில் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டே அவர் இடுப்பில் சுற்றிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. “எங்கப்பா பெரிய ஐயா முன்னாடி துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நின்னவரு. எனக்கு இது வேணாம் தம்பி” என்றார். நான் உடனே அவிழ்த்துவிட்டேன். அவர் அன்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

துணி, சாட்டின், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது.

அவருக்கு போ டை கட்டத் தெரியாது. அதனால் அன்று சாயங்காலம் நானும் கூடப் போனேன். ஓட்டல் வாசலில், ஆட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிவிட்டேன். அவர் உள்ளே போனார். நான் டிரைவர்களோடு வெளியே நின்றேன். செட்டிநாட்டு வீட்டைக் கட்டியிருக்கும் முறை தெரியுமில்லையா, முன்வாசலில் நின்றால் நிலைக்கு நேர் நிலையாகப் பின்கட்டு வரை தெரியும். அதனால் நடந்ததை எல்லாம் பார்த்தேன்.

மாப்பிள்ளை நீலக் கோட், டை இல்லை, சட்டை மேல் பட்டன் திறந்திருந்தது. அவருடைய சிநேகிதர்கள் சிலர் லினன் சட்டை, சிலர் குர்தா. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் முழங்கால் அளவு ஃபிராக். நம் பக்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேர் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. அவ்வளவு கூட்டத்தில் கறுப்புக் கோட்டும் கறுப்பு போ டையும் போட்டிருந்தவர்கள் ஜூஸ் தட்டு ஏந்தி வந்த ஓட்டல் சர்வர்கள். அவர்களை விட்டால் இவர்.

ஒரு பெண், சின்ன வயது, நல்ல முகம், பேசிக்கொண்டே திரும்பி, காலி டம்ளரை அவர் கையில் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஒரு தட்டைக் கொடுத்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை. தூணோரம் கிடந்த இன்னொரு டம்ளரையும் எடுத்தார். அது அவருக்குக் கைப் பழக்கம், அந்த மாதிரி வீட்டில் ஐம்பது வருடம் செய்த காரியம். நான் உள்ளே போய் அவரை இழுத்து வந்திருக்க வேண்டும். கால் எழவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் ஆச்சி பார்த்தார். எழுந்து வந்து, கையில் இருந்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும்.

வரும்போது ஆட்டோவில் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, “நல்ல கோட்டு தம்பி. தையல்ல ஒரு குத்தமும் இல்ல” என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் என் மகளிடம் விஷயத்தைச் சொல்லி, இந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்று தேடிப் படித்துக் காட்டச் சொன்னேன். மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. வால் இல்லாத அந்தக் கோட்டை 1865-ல் லண்டனில் ஹென்றி பூல் என்ற தையல் கடை, அப்போது இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறது. கிராமத்து மாளிகையில் வீட்டோடு இருந்து சாப்பிடும்போது வால் கோட் தொல்லையாக இருக்கிறதென்று அவர் கேட்டு வாங்கியது. 1886 வாக்கில் அது நியூயார்க் பக்கத்தில் டக்ஸீடோ பார்க் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் அந்த ஊர்ப் பெயரே கோட்டுக்குப் பெயராகிவிட்டது. வால் கோட் ஃபார்மல், இது செமி ஃபார்மல் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

பிறகு வால் கோட் போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். இன்று அரண்மனை விருந்து, நோபல் பரிசு விழா மாதிரி இடங்களில்தான் அதைப் பார்க்க முடியும். மேல் படி காலியானதும் கீழே இருந்தவை ஒவ்வொன்றும் ஒரு படி ஏறிக்கொண்டன. அமெரிக்காவில் இப்போது பலருக்கு அந்தக் கறுப்புக் கோட்தான் ஃபார்மல். சாதாரண சூட், அதுவும் டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், செமி ஃபார்மல். பெண்களுக்கு முழங்கால் அல்லது கெண்டைக்கால் வரை வரும் நல்ல உடுப்பு. மாப்பிள்ளை வீட்டார் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தங்கள் ஊர் அர்த்தத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நான் ரங்கூன் அர்த்தத்தில் தைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பிளவுஸைப் பிடிக்கக் கடைக்கு வந்தபோது மெதுவாகக் கேட்டேன். “ஜீன்ஸ், டி ஷர்ட் வேணாம், கொஞ்சம் நல்லா உடுத்திட்டு வாங்கன்னுதாண்ணே அர்த்தம். வேட்டின்னா ரொம்ப சந்தோஷம்” என்றார். நடந்ததை ஆச்சி சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. கண் கலங்கிவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இதோடு முடியவில்லை. என் பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவனிடம் கேட்டால் மூன்றாவதாக ஒரு அர்த்தம் சொல்கிறான். அவர்கள் காலேஜில் ஃபார்மல்ஸ் என்றால் பேண்ட், முழுக்கைச் சட்டை, டக்-இன், ஷூ. இன்டர்வியூவுக்குப் போகிற உடுப்பு. ஜவுளிக் கடை போர்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அது ஃபார்மல் என்றால் செமி ஃபார்மல் அதற்கும் கீழேதானே? சட்டையை வெளியே விட்டு ஜீன்ஸ் போட்டால் போதும் என்கிறான். அவன் சொல்வதும் தப்பில்லை, அவனைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆக ஒரே வரியை ஒரே ஊரில் மூன்று பேர் படித்தால், ஒருவர் கறுப்புக் கோட்டில் வருவார், ஒருவர் சூட்டில் வருவார், ஒருவர் ஜீன்ஸில் வருவார். வசதி உள்ளவர் மாற்றிப் போட்டு வந்தாலும் அதைத் தன் இஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு உடுப்பு தைத்துக்கொண்டு வருகிறவருக்குத்தான் அடி விழும்.

பெண்கள் விஷயத்தில் என் மனைவி என்னைவிடத் தெளிவு. “சேலை தரை வரைக்கும் வருது. அதுக்கு மேல என்ன ஃபார்மல் வேணும்?” என்பாள். உண்மைதான். வெள்ளைக்காரர்கள் கணக்கில் பெண்கள் உடுப்பின் நீளம்தான் பெரும்பாலும் படியைச் சொல்லும்; தரையைத் தொட்டால் மேல் படி, முழங்காலுக்கு ஏறினால் கீழ்ப் படி. சேலையில் நீளம் ஒன்றுதான், கனமும் சரிகையும்தான் மாறும். காலை முகூர்த்தத்துக்குக் கனத்த காஞ்சிபுரம் கட்டியவர்கள் சாயங்காலத்துக்கு லேசான பட்டு கட்டலாம், நம்ம ஊர்க் கண்டாங்கி கட்டலாம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள், நம் பெண்கள்தான் காட்டன் என்று தயங்குகிறார்கள். அரக்கும் கடுகு மஞ்சளும் கட்டம் போட்ட ஒரு கண்டாங்கியை, அகலக் கரையோடு, முற்றத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் அதற்கு எந்தப் படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். தரையில் புரளும் கவுன் தைக்கச் சொல்லி வருகிற பெண்களிடம் மட்டும் என் மனைவி ஒன்று சொல்வாள்: இந்த வீடுகளில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு உயர நிலைப்படி, கீழே வழவழப்பான ஆத்தங்குடிக் கல், ஹீல்ஸும் போட்டால் ஜாக்கிரதை, இரண்டு விரற்கடை தூக்கியே தைக்கிறேன் என்பாள்.

உடை முறை என்பது நமக்குப் புதிதில்லை. சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போகும்போது யாராவது சரிகை வேட்டி கட்டுவார்களா? சாதாரண வேட்டி, நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். வைரவன்பட்டியிலோ பிள்ளையார்பட்டியிலோ சாமி கும்பிடும்போது சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டுகிற பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். அந்தத் துண்டில் அவமானம் இல்லை, அது சாமிக்குக் கட்டியது. மணிவிழாவுக்கு ஒரு வேட்டி, ஊர்ப் பொங்கலுக்கு ஒரு வேட்டி. இதை எல்லாம் யாரும் அச்சடித்ததில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தெரியாதவர்களும் வருகிற விருந்துக்குத்தான் அச்சடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி அச்சடிக்கும்போது, தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டாமா?

கோவில்களுக்கு இன்ன உடையில்தான் வர வேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து ஒரு நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அது நிலைக்கவில்லை, மேல் அமர்வில் நிறுத்தப்பட்டது. அந்த உத்தரவு சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. ஆனால் அதில் வேட்டி, பைஜாமா, பேண்ட் சட்டை, சேலை, தாவணி, சுடிதார் என்று துணிகளின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே மாதிரி புரிந்தது. ஒரு தையல்காரனாக எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொன்றும் நினைவுபடுத்த வேண்டும். 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த நீதிபதியையே உள்ளே விடவில்லை. அது சட்டசபை வரை போய், அதே வருடம் சட்டமே வந்தது. கிளப், சங்கம், டிரஸ்ட், கம்பெனி நடத்துகிற பொது இடங்களில் வேட்டி கட்டியவரையோ வேறு இந்திய உடுப்பில் வந்தவரையோ தடுக்கக் கூடாது. தடுத்தால் ஒரு வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் லைசென்ஸும் போகும். அந்தச் சட்டம் வந்தபோது இங்கே எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வாசலில் நின்று யாரும் தடுக்காமல், நம் அழைப்பிதழின் ஒரு வரியே ஒரு மனுஷனிடமிருந்து வேட்டியைப் பறித்துவிட்டது என்றால் அதற்கு யாரிடம் போய் முறையிடுவது? வேட்டி கட்டி வந்திருந்தால் அந்த அண்ணன் அன்று சபையில் முன் வரிசையில் இருந்திருப்பார்.

அதனால் கல்யாண வீட்டார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ரிசப்ஷன், உங்கள் விருப்பம். கூட்டம் ஒரு ஒழுங்கில், அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பது நல்ல ஆசை, போட்டோவிலும் நன்றாக வரும். அந்த ஆசையைத் துணியின் பெயரால் எழுதுங்கள். தமிழ்த் தாளிலும் எழுதுங்கள். மாசியில் தேவகோட்டையிலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளைக்கு கோட் தைக்க வந்தது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டினார்கள், அதே வரி இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அங்கேயே என் அளவு நோட்டில் பின்பக்கத்தில் ஒன்று எழுதி எடுத்துப் போனார்கள்:

“மாலை விருந்துக்கு ஆண்கள் வேட்டி சட்டையில் வரலாம், பேண்ட், முழுக்கைச் சட்டையிலும் வரலாம், கோட் அவரவர் விருப்பம், டை தேவையில்லை. பெண்கள் சேலை, தாவணி, சுடிதார், முழங்காலுக்குக் கீழே வரும் கவுன் எதுவானாலும் சரி. ஜீன்ஸ் மட்டும் வேண்டாம்.”

அப்படியே அச்சடித்தார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் இதையே இங்கிலீஷில் போட்டார்கள். பிறகு என் கடைக்கு அந்த விருந்தை வைத்து ஒருவர்கூடச் சந்தேகம் கேட்டு வரவில்லை. தையல் கூலி எனக்குக் குறைந்திருக்கும், அது பரவாயில்லை.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் சர்வர்களுக்குக் கறுப்புக் கோட்டும் போ டையும் எதற்கு? இந்த வெயிலில் அந்தப் பிள்ளைகள் வியர்த்துப்போய் நிற்கிறார்கள். ஒரு நல்ல கட்டம் போட்ட சட்டை தைத்துக் கொடுங்கள், விருந்தாளி யார், பரிமாறுகிறவர் யார் என்பதில் குழப்பமே வராது. உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கல்யாண சீசனில் உடை பற்றி எழுதும்போது காக்டெயில், ஸ்மார்ட் கேஷுவல் என்று பெயரை மட்டும் போட்டுவிட்டு விடாமல், அது என்ன துணி, எத்தனை நீளம், எந்த நேரத்துக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அந்த அண்ணன் போன வாரம் கோட்டைக் கொண்டு வந்தார். பேத்திக்கு வேலை கிடைத்து மதுரையில் ஏதோ விழாவாம், அதற்குப் போட்டுக்கொள்ளும்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியும். லேப்பலில் இருக்கும் சாட்டினைப் பிரித்துவிட்டு அதே டெரிவுல்லை வைத்துத் தைக்க வேண்டும், மீதித் துணி கொஞ்சம் வைத்திருக்கிறேன். பேண்டின் பக்கப் பட்டையை எடுத்துவிடலாம். பட்டனை மாற்றி, வெளிப் பாக்கெட்டுக்கு மூடி வைத்தால் சாதாரண கோட் ஆகிவிடும், கீழே வேட்டி கட்டினாலும் பொருந்தும். கீழே என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். வேட்டிதான் என்றார். கூலி வேண்டாம் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார், பிறகு பேசிக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன். உள்ளே இருக்கிற சாவிப் பாக்கெட்டை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பக்க லேப்பலைப் பிரித்துவிட்டேன், இன்று ராத்திரி மற்றப் பக்கம்.

இப்படிக்கு,
தையல்காரர் ஒருவர்,
செக்காலை ரோடு, காரைக்குடி.